அகலப்பாதையும் கணினித் திரையும்

அந்தமானில் இரயில் இல்லை. ஆனாலும் ஓய்வு பெற்ற இரயில்வே பொறியாளரான என்னிடம் என் பேரன் ஒரு யோசனை கேட்டான். ஜாவா சர்வர் ஃபேசஸ் என்ற முறையில் அமைத்த பழைய இணையப் பக்கங்களை அவன் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்ற வேண்டும். எழுதியவர் போய்விட்டார், குறிப்பு எதுவும் இல்லை. “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதட்டுமா, தாத்தா?”

பழைய முறையில் பெரும்பாலும் பொத்தானை அழுத்தினால் கேள்வி தூரத்துக் கணினிக்குப் போய்ப் பதில் வர வேண்டும். செயற்கைக்கோளை நம்பியிருந்த நம் தீவுகளில் அது 36,000 கி.மீ. ஏறி இறங்கும், பதிலும் அப்படியே வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை விநாடி! 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்ததும் தாமதம் குறைந்தது. 1995-ல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டோ பல வேலைகளை நம் கணினியிலேயே முடித்துவிடுகிறது. ஆகவே மாற்றம் நல்லதுதான்.

எப்படி மாற்றுவது? 1992-ல் மீட்டர் பாதைகளை அகலப்பாதையாக்கும் திட்டம் தொடங்கியபோது நாட்டின் எல்லாத் தண்டவாளங்களையும் ஒரே நாளில் பெயர்க்கவில்லை. பகுதி பகுதியாகவே மாற்றினோம். இரு பாதைகளும் சந்திக்கும் நிலையத்தில் பயணிகள் வண்டி மாறினார்கள். பாதுகாப்பு ஆணையரின் அனுமதி கிடைத்த பிறகே பயணிகள் வண்டி ஓடியது.

“நீயும் ஒரு பக்கத்தை மாற்று, சோதித்துப் பார், பிறகு அடுத்ததைத் தொடு. தெரிந்தவர்களிடம் கூச்சப்படாமல் கேள். செய்ததை எழுதி வை, உனக்குப் பின்னால் வருபவன் திண்டாடக் கூடாது” என்றேன்.

நம் சங்கத்து இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன்.