வெயில் நாட்டிலும் உறையும் கார்புரேட்டர்

காலைக் கூட்ட நேரத்தில் டீக்கடை அடுப்பு விடாமல் எரியும்போது சிலிண்டரின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வியர்த்திருக்கும், சில நாள் வெண்பனியே படிந்திருக்கும். திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். சிறிய பயிற்சி விமானங்களின் இன்ஜின் நடுவானில் நின்றுபோவதற்குப் பின்னாலும் பல நேரம் இதே சங்கதிதான்.

இருவர் மட்டும் அமரும் செஸ்னா 152-ஐ எடுத்துக்கொள்வோம். உற்பத்தி 1985-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் பறக்கிறது. அதன் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து அழுத்தம் குறைகிறது. பெட்ரோலும் அங்கேயே ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து காற்றின் வெப்பநிலையை 30 டிகிரிக்கு மேலும் இறக்கிவிடக்கூடும். வெளியே 25 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். காற்றில் ஈரம் இருந்தால், இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் தகட்டில் பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளும்.

இதைக் குளிர்நாட்டுப் பிரச்சினை என்று நினைப்பது தவறு. ஈரமே இல்லாத கடுங்குளிரைவிட, கார்த்திகை மழை விட்ட நம் கடலோரக் காலைப்பொழுதுதான் ஆபத்து. 38 டிகிரி வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்தில்கூட இது நேரலாம் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பைலட் கையேடு. அதிலும் இறங்குவதற்காகத் திராட்டிலை மூடும்போதுதான் அதிகம் உறையும். தரை பக்கத்தில், யோசிக்க நேரம் இல்லை.

முதல் அறிகுறி ஆர்.பி.எம். முள் மெல்லச் சரிவது. சிலர் திராட்டிலைச் சற்றுக் கூட்டிவிட்டு அந்தச் சரிவை மறந்துவிடுவார்கள். செய்யவேண்டியது 'கார்ப் ஹீட்' குமிழை முழுசாக இழுப்பது. புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று உள்ளே வரும். உடனே இன்ஜின் இன்னும் மோசமாக உதறும். உருகிய தண்ணீர் இன்ஜின் சிலிண்டருக்குள் போகிறது, அவ்வளவுதான். பயந்துபோன கை இந்த இடத்தில்தான் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுகிறது. தள்ளக்கூடாது. இன்ஜின் நின்று புகைக்குழாய் ஆறிவிட்டால் பிறகு சூட்டுக்கு வழியே இல்லை.

விபத்துக்குப் பின் இன்னொரு சிக்கல்: ஆட்கள் வந்து சேர்வதற்குள் பனிக்கட்டி உருகிவிடும். தடயம் மிஞ்சாது. அதனால் அந்த வேளையின் வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை), பைலட்டின் வாக்குமூலம் எல்லாம் முக்கியம். இந்தியாவில் விசாரிப்பது விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு. அதன் வேலை அடுத்த விபத்தைத் தடுப்பது, குற்றவாளியைத் தேடுவது அல்ல. இழப்பீடு வேண்டுமென்றால் குடும்பத்தார் தனியாகத்தான் சட்டவழி தேடவேண்டும். அறிக்கை வரும்வரை காத்திராமல் வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.

கட்டணம் கட்டும் பெற்றோரே, பராமரிப்புப் பதிவேட்டில் கார்ப் ஹீட் கேபிளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பள்ளியில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மாணவரே, புறப்படுமுன் செய்யும் ரன்-அப் சோதனையில் 1700 ஆர்.பி.எம்.மில் அந்தக் குமிழை இழுத்துப் பாருங்கள். முள் இறங்கவேண்டும். இறங்காவிட்டால், "சார், இதுல பறக்க வேண்டாம்" என்று பயிற்சியாளரிடம் சொல்லி, விமானத்தை ஹேங்கருக்குத் திருப்புங்கள்.