செம்பனைக் குலையைக் கெடுத்த ‘கர்மா’

ஜாசின், அலோர் காஜா பக்கம் போனால் சாலையின் இருபுறமும் செம்பனைதான். செம்பனைக்கு முன் இங்கே ரப்பர் இருந்தது. 1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அந்தப் பால்மரக் காடுகளில் மரம் சீவிய தமிழர்களின் பிள்ளைகள் பிறகு செம்பனைக் குலை வெட்டினார்கள்.

நன்றாகக் காய்க்கும் செம்பனை மரத்தின் திசுவை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கன்று வளர்க்கும் முயற்சி 1970களிலேயே தொடங்கிவிட்டது. தாய்மரத்தைப் போலவே கன்றும் காய்க்கும் என்பது கணக்கு. ஆனால் சில மரங்களில் பூவே மாறியது. ஆண் உறுப்பாக வரவேண்டியவை சூலகம்போல் வளர்ந்து, பழத்தைச் சுற்றிச் சதை மடல்களாக எழுந்தன. மோசமான மரங்களில் காய் முற்றாமலே போனது. எண்ணெய் விளைச்சல் சரிந்தது. கோளாறு தெரிவதற்குள் நட்டுச் சில ஆண்டுகள் ஓடியிருக்கும். மரபணுவில் எழுத்துப்பிழையும் அகப்படவில்லை.

விடை 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லா குழுவினர் கண்டது இது: பூவின் உறுப்புகளைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றுக்குள் ‘கர்மா’ என்ற தாவும் டிஎன்ஏ துண்டு குடியிருக்கிறது. நல்ல மரத்தில் அதன்மேல் மீத்தைல் என்ற வேதிக் குறிகள் அடர்த்தியாக ஒட்டி, அதை வாயடைத்து வைத்திருக்கின்றன. செடிகளில் இத்தகைய குறிகளை எங்கே இடவேண்டும் என்று வழிகாட்டுபவை, புரதம் எதையும் செய்யாத, 24 எழுத்தே நீளமுள்ள சிற்றார்என்ஏக்கள். திசு வளர்ப்பில் கர்மாவின் குறிகளும் குறைகின்றன, அதற்குரிய சிற்றார்என்ஏக்களும் குறைகின்றன. உடனே மரபணுவின் செய்தி கர்மாவோடு அரைகுறையாக முடிந்துவிடுகிறது. சில மரங்கள் தாமாகவே தேறியதும் உண்டு. அவற்றில் குறிகள் திரும்பியிருந்தன.

இதைத் தோட்டத்துக் கோளாறு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. புரதம் செய்யாத டிஎன்ஏ மற்ற உயிர்களிலும் ஏராளம்: மனித டிஎன்ஏவில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மக்காச்சோளத்தில் 80 சதவீதத்துக்கு மேல் தாவும் துண்டுகளே. நெருங்கிய உயிரினங்களின் மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றே. அவை எங்கே, எப்போது, எவ்வளவு இயங்குகின்றன என்பதில்தான் பெரிய வேறுபாடு. தாவும் துண்டுக்கும் அதை அடக்கும் சிற்றார்என்ஏவுக்கும் நடக்கும் இழுபறி, பரிணாமத்துக்குப் புதிய மாற்றங்களைத் தந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் பல வீண், சில நிலைக்கும்.

கர்மாவின் நிலையை இப்போது நாற்றுப் பருவத்திலேயே இலைத் துணுக்கில் சோதிக்கலாம். நட்ட செம்பனை ஏறக்குறைய 25 ஆண்டு நிற்கும். திசு வளர்ப்புக் கன்று வாங்கும் சிறுதோட்டக்காரர்களே, விலை பேசும் முன்பே இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.