ஒரு நோட்டு... இருநூறு வருஷத்துக் கணக்கு!

"வயலின் எந்த ஊர் வாத்தியம்?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "குன்னக்குடி, லால்குடி..." என்று நம் ஊர்ப் பெயர்களாகவே பதில் வரும். அப்படி ஒட்டிப்போய்விட்டது. ரேஷன் கார்டு ஒன்றுதான் பாக்கி!

ஆனால், அது கப்பலேறி வந்த சரக்கு. நான் பி.காம். படித்தவன். எந்தச் சரக்கு வந்தாலும் யார் வாங்கினார், என்ன விலை கொடுத்தார் என்று பார்ப்பது பழக்கதோஷம். அப்படி இந்தக் கணக்கைப் புரட்டினால், முதல் பக்கத்தில் மணலி இருக்கிறது.

ஆமாம், வடசென்னை மணலிதான். இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையின் வாசனை மூக்கைத் துளைக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே அடித்தது சங்கீத வாசனை. மணலி முத்துகிருஷ்ண முதலியார், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷாக இருந்த பெரும் தனவந்தர். ஹம்சத்வனி ராகத்தை நமக்குத் தந்த ராமஸ்வாமி தீட்சிதரை திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு வரவழைத்து ஆதரித்தார். தீட்சிதரின் பிள்ளைகளில் மூத்தவர்தான் பின்னால் மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி. கடைக்குட்டி பாலுஸ்வாமி.

முதலியார் வீட்டுக்கும் ஜார்ஜ் கோட்டைக்கும் போக்குவரத்து உண்டு. அந்தத் தயவில் பையன்கள் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள். ஆசாரமான குடும்பம். "இதென்ன மிலேச்ச சங்கீதம்!" என்று காதைப் பொத்திக்கொண்டு திரும்பியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். இவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்!

பாலுஸ்வாமி ஒரு ஐரோப்பியரிடம் முறையாக வயலின் கற்றார். பிறகு நம் வித்வான்கள் அதைத் தரையில் உட்கார வைத்தார்கள். வெள்ளைக்காரர் நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசிப்பது. இங்கே சப்பணம் போட்டு, ஒரு முனையை மார்பிலும் மறு முனையைக் கால் பாதத்திலும் கொடுத்துவிட்டார்கள். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாததால் இடது கை தந்தி மேல் தாராளமாக வழுக்கி ஓடும். அந்த வழுக்கலில்தான் கமகம். தந்திகளையும் ஸ, ப, ஸ, ப என்று மாற்றிக் கட்டியாயிற்று. அதே மரம், அதே வில்... பேசுகிற பாஷை மட்டும் நம்முடையது!

அண்ணன் வேறு தினுசு. சிதம்பரநாத யோகி என்ற குருவோடு காசிக்குப் போய்ச் சில வருஷம் தங்கினார். ரயில் இல்லாத காலம். ஆனால், போனவர் கங்கை ஜலத்தோடு மட்டும் திரும்பவில்லை. அவருடைய யமுனா கல்யாணியில் வடநாட்டு யமனின் சாயல் தெரியும். தெற்கே கோட்டையில் கேட்ட பாண்டு மெட்டுகளையும் அவர் விடவில்லை. அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் 'நோட்டு ஸ்வரங்கள்'. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டுக்குக்கூட அவர் பாட்டு உண்டு. ராஜாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சுவாமியை உட்கார வைத்தார், அவ்வளவுதான்!

அவரிடம் கற்றவர்களில் தஞ்சை நால்வர் உண்டு. நட்டுவனார் வம்சத்து இளைஞர்கள். அவர்களில் ஒருவரான வடிவேலுவின் வயலினில் மயங்கி, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். கடல் தாண்டுவதைவிடத் தெரு தாண்டுவது கஷ்டமாக இருந்த ஊர் இது. பாட்டு இரண்டையும் தாண்டியது.

சமீபத்தில் வேலையாகக் கோவில்பட்டி போனவன், அப்படியே எட்டயபுரத்துக்கு பஸ் ஏறினேன். இறங்கியதுமே ஆட்டோக்காரர், "பாரதியார் வீடுதானே சார்?" என்றார்.

"அதுவும்தான். முதலில் தீட்சிதர் சமாதி."

"அதுக்கு வர்ற ஆளு கம்மி சார்" என்றபடி வண்டியைத் திருப்பினார். தம்பி பாலுஸ்வாமி சமஸ்தான வித்வானாக இருந்த அந்த ஊரில்தான் 1835ல் முத்துஸ்வாமி தீட்சிதர் காலமானார்.

அங்கே நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தவர் இன்னொருவர். ஏ.எம்.சின்னசாமி முதலியார். சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த கிறிஸ்தவர். மேல்நாட்டு சங்கீதமும் தெரியும். நம் கிருதிகள் வாய்வழியாக மட்டுமே ஓடிக்கொண்டிருந்தால் ஒருநாள் காணாமல் போய்விடும் என்று அவருக்குக் கவலை. 'இது எந்தச் சாமி மேலே பாட்டு?' என்று அவர் பார்க்கவில்லை. பாலுஸ்வாமியின் வாரிசான சுப்பராம தீட்சிதரைத் தேடிப் பிடித்து, கேட்டதையெல்லாம் ஐரோப்பிய நொட்டேஷனில் எழுதி, 1893ல் அச்சிட ஆரம்பித்தார். கைக்காசு கரைந்தது. கண் பார்வையும் மங்கியது. கடைசியில் எட்டயபுரம் ராஜாவிடம் அவர் வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்று: "தீட்சிதருக்குத் தெரிந்ததை எல்லாம் புத்தகமாகப் போட்டுவிடுங்கள்!"

ராஜா போட்டார். சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' 1904ல் தெலுங்கில் வெளிவந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் 229 கிருதிகள் ஸ்வரப்படுத்தி அதில் இருக்கின்றன. பிற்பாடு தமிழிலும் வந்தது. இன்றைக்கும் சந்தேகம் என்றால் வித்வான்கள் புரட்டுவது அதைத்தான். முதலியார்தான் அதைப் பார்க்க உயிரோடில்லை.

காமர்ஸில் முதல் பாடம், 'ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு.' கோட்டை பாண்டிடமிருந்து அண்ணன் தம்பிகள் ஒரு நோட்டை வாங்கினார்கள். அந்தக் கோட்டைக்காரர்களின் நொட்டேஷனைக் கற்ற ஒரு கிறிஸ்தவர், அவர்கள் வீட்டுச் சொத்தைக் காப்பாற்றக் கண்ணையும் காசையும் செலவழித்தார். கணக்கு நேர் ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். முதலியார் பக்கம் நாம்தான் இன்னும் பாக்கி!

அடுத்த மார்கழியில் சபா கேண்டீனுக்குக் கிளம்பும்போது, மேடையில் தீட்சிதர் கிருதி ஆரம்பித்தால், இரண்டு நிமிஷம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள். போண்டா எங்கேயும் போய்விடாது. அந்தப் பாட்டு போயிருக்கும்!