உங்களுக்குத் தெரியுமா? ட்யூரரின் சாதாரணக் குதிரைவீரன்

வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகம் என்றாலே ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1502இல் வரைந்த முயல்தான் பலருக்கும் நினைவு வரும். அதே இடத்தில் முயலுக்கு நான்கு வயது மூத்த குதிரை ஒன்றும் இருக்கிறது. பேனாவும் நீர்வண்ணமும் கொண்டு 1498இல் தீட்டியது. அதன்மேல் கவசமணிந்து, ஈட்டியோடு பெயர் தெரியாத ஒரு படைவீரன். ராஜாவும் இல்லை, புனிதரும் இல்லை. குதிரையும் அப்படித்தான்: பட்டத்துக் குதிரையின் மிடுக்கு கிடையாது, சுமக்கப் பிறந்த உடம்பு.

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் கவசம் இப்படி இருந்தது என்று படத்திலேயே ட்யூரர் எழுதி வைத்திருக்கிறார். பொற்கொல்லரின் மகனான அவருக்கு உலோக வேலையில் கண் போகாதா என்ன!

இதே வீரன் 1513இல் மறுபடி வருகிறான். ‘வீரன், மரணம், சாத்தான்’ என்ற புகழ்பெற்ற செப்புத்தகட்டு ஓவியத்தில் குதிரைமேல் போகிறவன் இவன்தான். கவசமும் ஏறக்குறைய பழையதே; 15 வருஷத்தில் அதன் மோஸ்தர் போய்விட்டது. குதிரையை மட்டும் ட்யூரர் மாற்றிவிட்டார். இடையில் இத்தாலி போய்வந்தவர், அளவு பிசகாத இலட்சியக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அழகுதான். ஆனாலும் என் ஓட்டு 1498இன் குதிரைக்கே.

செப்புத்தகட்டில் செதுக்குவது தாளில் இடம் வலமாகத் திரும்பிப் பதியும். படத்தில் குதிரை இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால், தகட்டில் வலப்பக்கம் பார்க்கச் செதுக்க வேண்டும். மூலையில் உள்ள 1513 என்ற ஆண்டையும் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிகிறபடி வெட்ட வேண்டும்.

நெதர்லாந்துப் பயணக் குறிப்புகளில் (1520–21) ட்யூரர் இந்தப் படத்தை வெறுமனே ‘குதிரைவீரன்’ என்றே குறிப்பிடுகிறார். மரணமும் சாத்தானும் பிற்காலத்தார் சேர்த்த பெயர்.

1498க்குப் பிறகும் கனத்த குதிரைகளை அவர் உடனே கைவிட்டுவிடவில்லை. 1505இல் செதுக்கிய ‘பெரிய குதிரை’யில் அதன் பருத்த பின்புறம்தான் நம்மை முதலில் வரவேற்கிறது.

முழுக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ. அதைச் சுமக்க யானை போன்ற குதிரை வேண்டும் என்பது சினிமாக் கற்பனை. இங்கிலாந்தில் கிடைத்த இடைக்காலக் குதிரை எலும்புகளை அளந்தபோது, பெரும்பாலானவை தோள் உயரத்தில் 147 செ.மீ.கூட எட்டவில்லை. இன்றைய ஷையர் வண்டிக்குதிரையில் ஆண் குதிரை 173 செ.மீ.க்குக் குறையக்கூடாது.