பால்வாடியில் ஓடும் கதை ரெயில்

பால்வாடிக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம், ஒரு எழுத்துகூடச் சொல்லித் தருவதில்லை, கதை என்ற பெயரில் குதிக்க விட்டுப் பிறகு படுக்கப் போடுகிறார்கள் என்று குறைப்படும் பெற்றோர் மும்பைத் தமிழர்களிடையே உண்டு. ஆனால் இரண்டு, மூன்று வயதில் அந்தக் குதிப்பும் படுக்கையும்தான் பாடம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது. 2 வயதுப் பிள்ளைக்குத் தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரம். பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சும் இடத்தில் வளரும் பிள்ளை, ஓடியாட எங்கே போகும்?

சென்னைக்குப் போகும் ரெயிலையே கதையாக எடுத்துக்கொள்வோம். இந்த வயதில் தோளைப் பிடித்து வரிசையாக நிற்கச் சொல்வது வீண். ஒவ்வொரு பிள்ளையும் தனி வண்டி. கைகளைச் சக்கரமாகச் சுழற்றிக் கல்யாண் வரை ஒரே ஓட்டம். கர்ஜத்தில் நிற்க வேண்டும். மலையேற அங்கே பின்னால் கூடுதல் என்ஜின் மாட்டுவார்கள் அல்லவா? இனி காலை அழுத்தி அழுத்தி, மூச்சு வாங்க ஏற்றம். குகை வந்தால் குனிய வேண்டும். லோனாவாலா தாண்டியதும் இரவு. வேகம் குறைகிறது, டீச்சரின் குரலும் குறைகிறது. விளக்கை அணைத்தாயிற்று. அவரவர் பெர்த்தில் படுக்க வேண்டும். வயிற்றின்மேல் ஒரு துணிப் பொம்மை, அதுதான் பயணி. மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கும். பயணி விழாமல் பார்த்துக்கொள்ளும் அக்கறையில் பிள்ளையின் மூச்சு தானாகவே நிதானப்படும்.

மராத்தி, இந்தி, தமிழ் என்று மூன்று பாஷைப் பிள்ளைகள் கூடும் அறையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. டீச்சர் சொன்னது புரியாத பிள்ளை, பக்கத்துப் பிள்ளை குனிவதைப் பார்த்துத் தானும் குனிகிறது. சொல்லும் கூடவே ஒட்டிக்கொள்கிறது.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. வக்கீல் தொழிலை விட்டு, 1920-ல் பவநகரில் பாலர் பள்ளி தொடங்கியவர் கிஜுபாய் பதேக்கா. 'பகல் கனவு' என்று தமிழிலும் வந்துள்ள அவர் நூலில், ஆசிரியர் முதல் நாளே அமைதி விளையாட்டு நடத்திப் பார்த்துத் தோற்றுப்போகிறார். கதையை எடுத்த பிறகே வகுப்பு அடங்குகிறது. அவை பெரிய பிள்ளைகள்; சின்னதுகளுக்குக் கேட்கவே வேண்டாம். அவருடன் பணிபுரிந்த தாராபாய் மோடக், பின்னர் நமது மேற்கு ரெயில்வே பாதையில் தகானு பக்கமுள்ள போர்டியிலும் கோஸ்பாடிலும், பள்ளிக்கு வராத ஆதிவாசிப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்.

ஆடமாட்டேன் என்று மூலையில் நிற்கும் பிள்ளையை இழுத்துவிடக் கூடாது. அதுவும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மூன்றாம் நாள் தானே வரும். சாப்பிட்ட கையோடு குதிக்கவிடுவதும் சரியல்ல. பூச்சாண்டி வருவான் என்று மிரட்டிக் கண்ணை மூடவைப்பதோ ஓய்வே அல்ல. அது பயம். நம் வீடுகளில் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

டூட்டி முடிந்து லோக்கலில் இடிபட்டு வரும் தகப்பனாரும் வீட்டில் இந்த வண்டியை ஓட்டலாம். ஐந்து நிமிடம் போதும். புதுக் கதை தேட வேண்டியதில்லை. பிள்ளை நாளைக்கும் இதையேதான் கேட்கும். கர்ஜத்தில் என்ஜின் மாட்ட மறந்தால் அதுவே நினைவூட்டிவிடும்.