காயங்களோடு எழுந்தவர்

இலங்கையில் நீர்கொழும்பை ஒட்டிய கட்டுவாப்பிட்டியில் புனித செபஸ்தியார் ஆலயம் இருக்கிறது. அங்கே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் உயிர்த்த இயேசுவின் சுரூபத்தை வைத்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அதன்மேல் தெறித்துக் காய்ந்த துளிகள் தெரியும். அவை இரத்தத் துளிகள். 2019 ஏப்ரல் 21 காலை, ஈஸ்டர் திருப்பலி நடந்துகொண்டிருந்த நேரத்தில், உள்ளே வந்த ஒருவன் தான் சுமந்து வந்த குண்டை வெடிக்கச் செய்தான். கூரை பிய்ந்து விழுந்தது. அந்த ஓர் ஆலயத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சில மாதங்களில் ஆலயத்தைச் சீர்செய்து, புதிதாகக் கூரை போட்டுத் திறந்தார்கள். சுரூபத்தை மட்டும் கழுவவில்லை.

அதே காலை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மொத்தம் 250 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சீயோன் தேவாலயம் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடம். அங்கே இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள்.

சாவை ஒருவர் வென்றார் என்று பாடிக் கொண்டாடும் நாள் அது. அந்த நாளிலேயே சாவு ஆலயத்துக்குள் நுழைந்துவிட்டது. அதற்குப் பிறகும் ‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்று ஒரு கிறிஸ்தவர் சொல்கிறார் என்றால், அவர் எதைத்தான் சொல்கிறார்?

எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். நம் ஊரில் எல்லோருக்கும் பழகிய எண்ணம் மறுபிறவி. உயிர் ஒரு கூட்டை விட்டு இன்னொரு கூட்டுக்குப் போவது அது. உயிர்ப்பு அதுவல்ல. உடல் வெறும் சட்டை, அதைக் கழற்றிப் போட்டபின் ஆன்மா மட்டும் நிலைக்கும் என்ற எண்ணமும் அல்ல. லாசருக்கு நடந்ததுகூட அல்ல. பெத்தானியா ஊர் லாசரை இயேசு கல்லறையிலிருந்து எழுப்பியதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. ஆனால் அவர் தம் பழைய வாழ்க்கைக்குத் திரும்பி வந்தவர். என்றாவது ஒருநாள் மறுபடியும் கண்ணை மூட வேண்டியவர். இயேசு திரும்பி வந்தார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதில்லை. சாவைக் கடந்து அப்பால் போய்விட்டார் என்கிறார்கள். அதுவும் அதே உடலோடு, சாவு இனித் தொட முடியாதபடி மாறிவிட்ட உடலோடு.

‘அதே உடலோடு’ என்ற சொல்லை லேசாகக் கடந்துவிடக் கூடாது. யோவான் எழுதியிருப்பது இப்படி: குருவைக் கொன்றவர்கள் தங்களையும் விடமாட்டார்கள் என்ற அச்சத்தில் சீடர்கள் ஒரு வீட்டுக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். அங்கே இயேசு வந்து நிற்கிறார். அவர்களில் ஒருவரான தோமா அப்போது வீட்டில் இல்லை. மற்றவர்கள் சொல்லியும் அவர் நம்பவில்லை. ஆணி அடித்த தழும்பில் விரலை இட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்துப் பூட்டிய கதவுகளுக்குள் மறுபடியும் இயேசு வருகிறார். தோமாவைக் கடிந்துகொள்வதற்கு முன்னால் கையை நீட்டிக் காட்டுகிறார்.

கையில் காயம் அப்படியே இருக்கிறது. விலாவில் ஈட்டி பாய்ந்த இடமும் இருக்கிறது. சாவையே வென்றவருக்கு இந்தத் தழும்புகளை ஆற்றிக்கொள்ள முடியாதா? ஒரு வெற்றி வீரனின் கதை எழுத நினைத்தவர் முதலில் இவற்றைத்தான் துடைத்திருப்பார். நற்செய்தியாளர் துடைக்கவில்லை. இயேசுவை அடையாளம் கண்டுகொள்ள அந்தக் காயங்களே போதுமானவை ஆயின. உயிர்ப்பைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் இந்த இடத்தில் வந்து நிற்கிறது. பட்ட பாடு நடக்காதது ஆகிவிடவில்லை. அதைச் சுமந்துகொண்டே அவர் எழுந்திருக்கிறார்.

அதே நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இன்னொரு காட்சி. திபேரியக் கடற்கரை, விடியற்காலை. இரவெல்லாம் வலை வீசி ஓய்ந்துபோன சீடர்களுக்கு உயிர்த்த இயேசு கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார், அப்பமும் இருக்கிறது. உண்ண வாருங்கள் என்று கூப்பிடுகிறார். ‘கரி நெருப்பு’ என்று சொல்லும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் வருகிறது. முதல் இடம், தலைமைக் குருவின் முற்றம். அங்கே கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டுதான் சீடர் பேதுரு ‘இயேசுவை எனக்குத் தெரியாது’ என்று மறுதலித்தார். இங்கே அதே நெருப்பின் பக்கத்தில் இயேசு அவரிடம், தம்மை அன்பு செய்கிறாயா என்று மும்முறை கேட்கிறார். பேதுருவின் காயமும் மூடி மறைக்கப்படவில்லை. தொட்டு ஆற்றப்படுகிறது.

தோமாவுக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கி.பி. 52-இல் இந்தியா வந்து, 72-இல் சென்னைப் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது காலங்காலமாக வரும் மரபு. மயிலாப்பூர் சாந்தோம் ஆலயம் அவர் கல்லறை மேல் எழுந்ததாக நம்பப்படுகிறது. பரங்கிமலைக் கோயிலில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கற்சிலுவை ஒன்று உண்டு. 1547-இல் போர்த்துக்கீசியர் தோண்டும்போது கிடைத்தது. சுற்றிலும் பஹ்லவி எழுத்துகள், மேலே இறங்கிவரும் புறா. சிலுவையில் இயேசுவின் உடல் இல்லை. அதன் நான்கு நுனிகளும் மொட்டு விட்டாற்போல் விரிந்திருக்கின்றன, அடியிலிருந்து இலைகள் கிளம்புகின்றன. கொலை மரம் துளிர்த்த மரமாகிவிட்டது. உயிர்ப்பை இதைவிடச் சுருக்கமாகக் கல்லில் சொல்லிவிட முடியாது. தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவரின் பெயரால் எழுந்த மலைக்கோயிலில் அது இருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இறந்தவர்கள் எழுவார்கள் என்ற எண்ணம் யூதர்களிடையே எப்படி வேர்விட்டது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கு என்ற மன்னன் அவர்களுடைய வேதத்தைக் கைவிடச் சொல்லிக் கொடுமைப்படுத்தினான். மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாயும் ஏழு மகன்களும் வருகிறார்கள். மறுத்த மகன்களை அவள் கண்ணெதிரிலேயே ஒருவர்பின் ஒருவராகக் கொல்கிறார்கள். ஒரு மகன் தன் கைகளை நீட்டி, இவற்றைக் கடவுளிடமிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்ற பொருளில் பேசுகிறான். நல்லவன் வெட்டுப்பட்டுச் சாகிறான், வெட்டியவன் அரியணையில் இருக்கிறான். இது இத்தோடு முடிந்துவிட்டால் கடவுள் நீதியுள்ளவர் என்று எப்படிச் சொல்வது? சாவுக்குப் பயந்தவர்களின் ஆறுதலாக மட்டும் இந்த நம்பிக்கை வளரவில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்காக நீதி கேட்டவர்களின் நெஞ்சில் அது வளர்ந்தது.

எல்லா யூதர்களும் இதை ஏற்கவில்லை. பரிசேயர் என்ற பிரிவினர் ஏற்றார்கள், சதுசேயர் என்ற பிரிவினர் மறுத்தார்கள். ஏற்றவர்களும் உலக முடிவில் எல்லோரும் சேர்ந்து எழுவதையே எதிர்பார்த்தார்கள். வரலாற்றின் நடுவில் ஒரே ஒருவர், அதுவும் ரோமானியர் சிலுவையில் அறைந்து கொன்ற ஒருவர், முன்கூட்டியே எழுந்துவிட்டார் என்ற செய்தி அவர்களுக்கே புதிது. அந்தச் செய்தியை முதலில் கொண்டு வந்தவர்கள் பெண்கள். நான்கு நற்செய்திகளிலும் வெறுமையான கல்லறைக்கு முதலில் போகிறவர்களில் மகதலா மரியா இருக்கிறார். பெண்களின் சாட்சியத்துக்கு அந்தக் காலத்தில் அவ்வளவாக மதிப்பில்லை. திருத்தூதர்களே அதைப் பிதற்றல் என்று தள்ளியதாக லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். ஊரை நம்பவைக்கக் கதை கட்டுகிறவர் இப்படிப்பட்ட சாட்சிகளைத் தேர்ந்தெடுத்திருக்கமாட்டார் என்று அறிஞர்கள் பலர் சுட்டிக்காட்டுவது நியாயமாகவே படுகிறது.

ஆனால் இயேசு எழுந்த அந்தக் கணத்தை நான்கு நற்செய்திகளில் ஒன்றுகூட வருணிக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. எருசலேமில் அவருடைய கல்லறை என்று வணங்கப்படும் இடத்தில், பளிங்குப் பலகையை 2016 அக்டோபரில் சீரமைப்புக்காகத் திறந்தார்கள். சில நூற்றாண்டுகளாகத் திறக்கப்படாத பலகை அது. அடியில் கிடைத்த சாந்தை ஆய்ந்தபோது நான்காம் நூற்றாண்டு, கான்ஸ்டன்டைன் மன்னர் கோயில் கட்டிய காலம், என்று தெரிந்தது. அவ்வளவு நெடுங்காலமாக மக்கள் அங்கே வந்து மண்டியிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. உயிர்ப்புக்குச் சான்று எந்தச் சாந்திலும் கிடைக்காது. ஓடி ஒளிந்தவர்கள், கொலை நடந்த அதே ஊரில் வெளியே வந்து பேசத் தொடங்கினார்கள் என்பது வரை வரலாற்றாசிரியர் கூட வருவார். அங்கிருந்து மேலே போவது நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குள் இருந்தவர்களுக்கே சந்தேகம் வந்தது. சிலுவைச் சாவுக்குச் சுமார் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கொரிந்து நகரத்துச் சபையில் சிலர், இறந்தவர்கள் எழுவதெல்லாம் இல்லை என்று பேசினார்கள். உடலைச் சிறையாக நினைத்த கிரேக்கர்களுக்கு மறுபடியும் உடல் என்பது பின்னடைவாகத் தெரிந்திருக்கும். திருத்தூதர் பவுல் விட்டுக்கொடுக்கவில்லை. கிறிஸ்து எழவில்லை என்றால் தாம் செய்யும் போதனையும் அவர்கள் வைத்திருக்கும் விசுவாசமும் ஒன்றுமில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். தம் சமயத்தையே ஒரே நிகழ்வின் மேல் இப்படி ஏற்றி நிறுத்த அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

விளக்கத்துக்கு அவர் போனது வயலுக்கு. விதை மண்ணுக்குள் போகிறது, எழும்பி வருவது வேறு உருவம், ஆனாலும் அந்த விதையிலிருந்து வந்த பயிர்தான். கிறிஸ்துவை முதற்பலன் என்கிறார். யூதர்கள் அறுவடையின் முதல் கதிர்க்கட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கடவுளுக்குப் படைப்பார்கள். முதல் நெல்லைப் புதிராக எடுத்துப் பழகிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. முதல் கதிர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றால் வயல் விளைந்துவிட்டது, மற்றது பின்னால் வருகிறது. கிறிஸ்தவர்கள் ஈஸ்டரில் ஒருவருடைய அதிசயத்தை மட்டும் கொண்டாடுவதில்லை. தங்கள் தாயும் தகப்பனும், பிள்ளையும் அந்த வயலில் விதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நம்புகிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் வழங்கிய கிரேக்கச் சொல்லுக்கே துயிலும் இடம் என்றுதான் பொருள். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போடுவதும் அந்த வழியில் வந்தது.

தமிழில் இன்னொரு நயம் உண்டு. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பழைய மொழிபெயர்ப்பில் இருந்ததை, 1995-இல் வந்த திருவிவிலியம் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று எழுதியது. எதிர்நோக்கு என்பது வாசலில் நின்று வழி பார்ப்பது. வீட்டுக்குள் சாய்ந்து உட்கார்ந்து கிடைக்கும் ஆறுதல் அல்ல.

யூர்கன் மோல்ட்மன் என்ற ஜெர்மானியர் இந்த எதிர்நோக்கைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவருக்கு 17 வயது. விமான எதிர்ப்பு பீரங்கிப் பிரிவில் நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற நண்பன் குண்டில் சிதறிப்போனான். இவர் பிழைத்தார். நான் ஏன் சாகவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. போர்க் கைதியாக ஸ்காட்லாந்து முகாமில் இருந்தபோது ஒரு விவிலியம் கைக்குக் கிடைத்தது. சமயப் பழக்கமில்லாத வீட்டில் வளர்ந்தவர், சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறும் இயேசுவை அதில் கண்டார். தம்மைப் புரிந்துகொண்ட ஒருவர் இவர்தான் என்று உணர்ந்தார். 1964-இல் அவர் எழுதிய ‘எதிர்நோக்கின் இறையியல்’ உலகெங்கும் படிக்கப்பட்டது. உயிர்ப்பை நம்புகிறவன் உலகம் இருக்கும் நிலையோடு சமாதானமாகப் போய்விட முடியாது, அந்த நம்பிக்கை அவனை அமைதியாக இருக்க விடாது என்பது அந்த நூலின் சாரம். 2024-இல், 98-ஆம் வயதில் காலமானார்.

இலங்கையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் அமைதியாக இருந்துவிடவில்லை. தாக்குதல் வரப்போகிறது என்ற உளவுத் தகவல் முன்பே கிடைத்தும் அரசு ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்கள். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது அதிபராக இருந்த மைத்திரிபால சிறிசேன கடமையில் தவறினார் என்று கண்டு, அவர் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. கொழும்பு கர்தினால் மால்கம் ரஞ்சித் ஆண்டுதோறும் முழு உண்மையையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். காயத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருப்பதும் நீதிமன்றப் படி ஏறுவதும் உயிர்ப்பு நம்பிக்கைக்கு வெளியே நடக்கும் காரியங்கள் அல்ல.

கத்தோலிக்க ஆலயங்களில் ஈஸ்டருக்கு முந்தைய இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, வெளியே புது நெருப்பு மூட்டுவார்கள். பெரிய பாஸ்கா திரியில் குருவானவர் சிலுவை வரைந்து, அந்த ஆண்டின் எண்களைப் பொறித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்துவார். ஐந்து மணிகளும் ஐந்து திருக்காயங்கள். அந்தத் திரியிலிருந்துதான் இருட்டில் நிற்கும் எல்லோர் கையிலும் இருக்கும் மெழுகுதிரிகளுக்கு ஒளி பரவும். ஆண்டு முழுவதும் குழந்தைக்குத் திருமுழுக்கு கொடுக்கும்போதும், அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியின் பக்கத்திலும் அதை ஏற்றி வைப்பார்கள்.

கட்டுவாப்பிட்டியில் ஏப்ரல் 23 அன்று, ஈஸ்டர் வாரத்துச் செவ்வாய்க்கிழமை, இறந்தவர்களைச் சேர்த்து அடக்கம் செய்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28. மறுபடியும் தாக்குதல் நடக்கலாம் என்ற அச்சத்தில் அன்று ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. கர்தினால் தம் இல்லச் சிற்றாலயத்தில் பலி ஒப்புக்கொடுக்க, மக்கள் வீடுகளில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பங்கெடுத்தார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு உலகெங்கும் கத்தோலிக்கர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் ஒரே நற்செய்திப் பகுதிதான். அச்சத்தில் கதவுகளைப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் இயேசு வந்து நின்று, தோமாவிடம் கையை நீட்டிக் காட்டிய பகுதி.