தானே கற்கும் இலத்திரனியல்: அன்றும் இன்றும்

ஆசான் அருகிலிருந்து கற்பிக்க வேண்டிய கலைகள் சில. தானே முயன்று கற்கத்தக்க கலைகள் சில. வானொலியும் ஒலிநுட்பமும் இரண்டாம் வகையின. இலங்கையில் வானொலி தோன்றிய வரலாறே இதற்குச் சான்று. 1923ஆம் ஆண்டில், தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரின் முயற்சியால், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஓர் ஒலிபரப்பி அமைக்கப்பட்டது. முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கிற்று. கையிலுள்ளதைக் கொண்டு கற்பதே அன்றைய முறை.

அக்கால மாணவனின் முதற்பாடம் பளிங்கு வானொலி. செப்புக்கம்பிச் சுருள், மாறும் ஒடுக்கி, கலீனாப் பளிங்கு, காதொலிக் கருவி, நீண்ட ஏரியல், நிலத்தொடுப்பு ஆகியன போதும், பற்றரியும் வேண்டா. வந்தடையும் அலையின் சக்தியே ஒலியை எழுப்பும். சுருளும் ஒடுக்கியும் கூடி ஒரு மீடிறனைத் தெரிந்தெடுக்கும். பளிங்கு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிட, காவியலையினின்று பேச்சும் இசையும் பிரியும். மீடிறனை அரைவாசியாக்க வேண்டின், ஒடுக்கியின் கொள்ளளவத்தை இருமடங்காக்கினாற் போதாது. நான்கு மடங்காக்கல் வேண்டும். தன் கையாற் சுருள் சுற்றியவனுக்கு இவ்விதி மறவாது.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. வால்வுகளுக்கு நூறு வோல்ற்றளவிலும் அதற்கு மேலும் மின்னழுத்தம் தேவைப்பட்டது. திரான்சிற்றருக்கோ சிறு பற்றரி போதும். 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆடினோ பலகை, கணினி அறிவையும் மாணவன் கைக்கு எட்டச் செய்தது. அன்று நூலும் பாகமும் கிட்டாமை குறை. இன்று யாவும் கிட்டுகின்றன. ஆயின், ஒரு சில்லினுள் எல்லாம் மறைந்துகிடத்தலால் உள்ளே நிகழ்வது விளங்குவதில்லை.

மருதமுனைக் கைத்தறியை அறிந்தோர்க்கு இது எளிதிற் புலனாகும். துணி ஓடிக்கொண்டிருக்கும்போது எவரும் நெசவாளரே. இழை அறுந்தவிடத்து, அதனைத் தேடிப் பிடித்து முடிச்சிடுபவனே தொழில் அறிந்தவன்.

இவ்வறிவு வெறும் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை முதலாய கரையூர்களை அழித்தது. அந்நாள்களில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போன அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தவர்கள் விக்டர் குணதிலக்கவும் அவர்தம் தோழர்களுமாகிய பொழுதுபோக்கு வானொலியாளரே. எளிய சிற்றலைக் கருவியும், அதனை இயக்கத் தெரிந்த கைகளுமே அன்று உதவின.

ஆகவே மாணவர் முதலிற் பளிங்கு வானொலியும், அடுத்து ஒற்றைத் திரான்சிற்றர் விரியலாக்கியும், பின்னரே சில்லுகளும் அமைத்தல் நன்று. ஒவ்வொரு படியிலும் மின்னழுத்தத்தை அளந்து குறித்துவைத்தல் வேண்டும். வீட்டு மின்னில் இயங்கும் கருவியைத் தனியே திறத்தலாகாது; இணைப்பைக் கழற்றிய பின்னும் ஒடுக்கியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். பழைய மாணவர்கள் தத்தம் வீட்டில் உறங்கும் பழைய பற்றரி வானொலிகளைக் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு அளிப்பாராயின், அவை பழுதுபட்டிருப்பினும் நல்ல பாடநூல்களாகும்.